வீடு மாறும் முன் ஒரு நிமிடம், சகோதரிகளே!

வாராவாரம் இந்தப் பக்கத்தில் வரும் கடிதங்களை ஒன்று விடாமல் படிப்பவள் நான். நாமும் ஒன்று எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பத்தாவது வரை படித்தவள்தான், எழுத்தில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு மாறுவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பாத்திரம் பண்டத்தைக் கட்டுவது நமக்கெல்லாம் கைவந்த வேலை. அதைச் சொல்ல வரவில்லை. கரண்டிலும் காஸிலும் ஓடுகிற சாமான்களை எப்படித் தயார் செய்து ஏற்ற வேண்டும் என்பதைச் சொல்ல வந்தேன். அது தெரியாமல் நான் செய்த தப்பில் என் மாமியார் உயிருக்கே ஆபத்து வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சேலம் - நாமக்கல் ரோட்டில் இருக்கிற புதுச்சத்திரம். ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் ஊர் விட்டு ஊர் போனவர்கள் இல்லை. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாக்கப்பட்டு வந்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997-ம் வருஷம் ஜனவரி 1-ம் தேதி முதல் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. “நான் வந்த நாள்லருந்து வீடே மாறலை. ஜில்லாதான் மாறுச்சு” என்று அத்தை சிரித்துக்கொண்டே சொல்வார்.

அப்படிப்பட்டவரை 2019 வைகாசியில் ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டி வந்தது. என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். ஓசூரில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தது. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது, பள்ளிக்கூடமும் திறந்துவிடும் என்று ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டோம். அந்த அவசரம்தான் எல்லாத்துக்கும் காரணம்.

அத்தைக்குச் சர்க்கரை நோய். காலையும் இரவும் இன்சுலின் ஊசி. போட்டுவிடுவது நான்தான். பிரிட்ஜில் மூன்று பாட்டில் இருந்தது. மறுநாள் காலையில் பிரிட்ஜை நிறுத்தி லாரியில் ஏற்றப் போகிறார்கள். ஓசூர் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும். சித்திரை, வைகாசி வெயில் வேறு. மருந்து சூடாகிக் கெட்டுப் போய்விடுமே என்று பயந்து, முதல் நாள் ராத்திரி மூன்று பாட்டிலையும் எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். நன்றாகக் குளிர்ந்திருந்தால் ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும் என்பது என் கணக்கு. காலையில் பார்த்தால் கல் மாதிரி உறைந்திருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

லாரி வந்தது. பிரிட்ஜை நிற்க வைத்தால் தார்ப்பாய் கட்ட முடியாது என்று லோடுமேன்கள் மெத்தை மேல் படுக்கப் போட்டார்கள். மெத்தை மேல்தானே, பூப்போலப் போய்ச் சேரும் என்று நாங்களும் தலையாட்டினோம். சேலம் தாண்டி, தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக மதியத்துக்கு மேல் ஓசூர் போய்ச் சேர்ந்தோம். பிரிட்ஜை இறக்கி நிமிர்த்தி வைத்த பத்தாவது நிமிஷம் சுவிட்சைப் போட்டேன். மருந்தை உள்ளே வைக்க வேண்டுமே! இளகிப் போன பாட்டில்கள் பார்க்கப் பழைய மாதிரிதான் இருந்தன. எடுத்து அடுக்கி வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன்.

இரண்டு நாள் கழித்து பிரிட்ஜில் ‘கடகட’ என்று சத்தம். மூன்றாம் நாள் உறுமல் மட்டும் கேட்டது, உள்ளே குளிர் இல்லை. அதே நாள் அத்தைக்கு நாக்கு வறண்டு, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார். ராத்திரி நாலைந்து முறை எழுந்து போனார். புது ஊர், புதுத் தண்ணீர், ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். விடிகாலையில் வாந்தி எடுத்து, எழுந்து நிற்க முடியாமல் சுவரோடு சாய்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை 400-க்கு மேலே!

“ஊசி தவறாமப் போட்டீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு வேளைகூட விடவில்லை என்று சொன்னேன். “மருந்தை எங்க வச்சீங்க?” என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. “ஒருதரம் உறைஞ்ச இன்சுலின் இளகினாலும் பழைய மாதிரி வேலை செய்யாதும்மா. நீங்க நாலு நாளா கிட்டத்தட்ட சும்மா தண்ணியைத்தான் போட்டிருக்கீங்க” என்றார். எனக்குக் கை கால் வெலவெலத்துப் போனது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து அத்தை பிழைத்து வந்தார். “நான்தாங்க அத்தை உங்களை இப்படிப் பண்ணிட்டேன்” என்று காலைப் பிடித்து அழுதேன். “நீ வேணும்னா பண்ணுன, கண்ணு? எனக்குக் குளிரா இருக்கோணும்னுதான பண்ணுன” என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

பிரிட்ஜுக்கு கம்ப்ரஸரே போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னார். புதிது போட ஐயாயிரத்துச் சொச்சம் ஆனது. பணம் போனால் போகட்டும், காரணம் தெரிய வேண்டும் என்று அவரிடம் விடாமல் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

பிரிட்ஜின் அடியில் இருக்கும் கம்ப்ரஸருக்குள் ஆயில் இருக்கிறது. பிரிட்ஜைப் படுக்கப் போட்டால் அந்த ஆயில் மெல்லிய குழாய்களுக்குள் ஓடிவிடும். நிமிர்த்தி வைத்த உடனே திரும்பி வராது, மெல்ல மெல்லத்தான் இறங்கும். அதற்குள் சுவிட்சைப் போட்டால் ஆயில் இல்லாமல் கம்ப்ரஸர் ஓடித் தேய்ந்துவிடும். ஆகவே பிரிட்ஜை எப்போதும் நிற்க வைத்தே ஏற்ற வேண்டும். நிற்க வைத்துக் கொண்டு போனாலும் இறக்கிய பிறகு மூன்று நான்கு மணி நேரம் சும்மா விட வேண்டும். வேறு வழியில்லாமல் படுக்கப் போட்டிருந்தால் ஒரு முழு நாள் நிற்க வைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும்.

ஐந்து வருஷம் ஓசூரில் இருந்தோம். அத்தைக்குச் சொந்த வீட்டு ஞாபகம் விடவே இல்லை. நாமக்கல்லிலேயே என் வீட்டுக்காரருக்குத் திரும்ப வேலை அமைந்ததும், 2024 வைகாசியில் புதுச்சத்திரத்துக்கே கிளம்பினோம். இந்தத் தடவை பத்து நாளுக்கு முன்பே ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு சாமானுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

முதலில் காஸ். வேறு ஊருக்குப் போகிறவர்கள் சிலிண்டரைத் தூக்கி லாரியில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. சாமானோடு சாமானாக உருண்டால் எவ்வளவு ஆபத்து! சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் காஸ் புத்தகத்தோடு ஏஜென்சியில் ஒப்படைத்தால், இணைப்பை முடித்ததற்கு ஒரு சீட்டும், நாம் அன்றைக்குக் கட்டிய டெபாசிட் பணமும் தருவார்கள். அந்தச் சீட்டைப் புது ஊர் ஏஜென்சியில் காட்டி, இன்றைய டெபாசிட்டைக் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட்டை 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாகவும், ரெகுலேட்டருக்கு 150-லிருந்து 250 ஆகவும் ஏற்றினார்கள். நான் 2019-ல் கட்டியது பழைய கணக்கு. அதனால் கையிலிருந்து 850 ரூபாய் கூடப் போட வேண்டியிருந்தது. இதை முன்பே தெரிந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பும் ரப்பர் குழாயும் நம்முடையவை. குழாய்க்கு ஐந்து வருஷம்தான் கெடு, அதன் மேலேயே வருஷம் போட்டிருக்கும். கெடு முடிந்திருந்தால் பழையதைக் கட்டிக்கொண்டு போகாமல் புதிது மாற்றிவிடுங்கள்.

புது வீட்டில் முதல் வேலை பால் காய்ச்சுவதுதானே! அன்றைக்கே சிலிண்டர் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். நாங்கள் மூன்று செங்கல்லும் நாலு விறகும் சொல்லி வைத்திருந்தோம். கரண்ட் அடுப்பு இருந்தால் அதுவும் போதும்.

அடுத்தது பிரிட்ஜ். ஒரு நாள் முன்னதாகவே நிறுத்தி, ஐஸ் எல்லாம் கரைந்த பிறகு துடைத்தேன். பின்பக்கம் அடியில் ஒரு தட்டில் தண்ணீர் நிற்கும், அதை ஊற்ற மறக்காதீர்கள். வழியெல்லாம் கொட்டும். கண்ணாடித் தட்டுகளை எடுத்துத் துணியில் சுற்றித் தனியாகக் கட்டினேன். கதவு இடுக்கில் ஒரு துண்டை மடித்து வைத்து, காற்றுப் போகும் அளவு விட்டுக் கட்டினால் நாற்றம் அடிக்காது. லாரியில் கேபினை ஒட்டி நிற்க வைத்துக் கயிறு போடச் சொன்னேன். ஏற்றுவதற்கு முன்பே லோடுமேன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, “அண்ணா, இதை மட்டும் படுக்கப் போட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டேன். முன்கூட்டி நல்லபடியாகச் சொன்னால் கேட்கிறார்கள். ஏற்றி முடித்த பிறகு சத்தம் போட்டால்தான் வம்பு.

வாஷிங் மிஷினில் நமக்குத் தெரியாமலே தண்ணீர் தங்கியிருக்கும். குழாயை மூடி, தண்ணீர் வெளியேறும் பைப்பைக் கீழே இறக்கி பக்கெட்டில் விட்டால் வடிந்துவிடும். மேலே மூடி உள்ள மிஷின் என்றால் உள்ளே இருக்கும் தொட்டி ஆடாதபடி சுற்றிலும் பழைய போர்வையைத் திணிக்க வேண்டும். முன்பக்கம் கதவு உள்ளது என்றால், வாங்கியபோது பின்னால் நீளமான போல்ட்டுகள் போட்டு வந்திருக்கும். அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, திரும்ப முடுக்கி ஏற்ற வேண்டும். போய் இறங்கியதும் கழற்ற மறந்து ஓட்டினால் மிஷின் குதிக்கும். மிஷின் காலியாக இருக்கிறதே என்று அதற்குள் அரிசி, பருப்பைப் போடாதீர்கள்.

கிரைண்டருக்கு வருவோம். 1955-ல் கோவையில் பி. சபாபதி என்பவர் இந்தக் கிரைண்டரைச் செய்தாராம். நம் கைவலியைத் தீர்த்த புண்ணியவான்! கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. என்னிடம் இருப்பது 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டர். இன்றைக்கும் அதில்தான் இட்லிக்கு ஆட்டுகிறேன். கல்லைப் பாத்திரத்துக்குள் வைத்தபடியே ஏற்றினால் வண்டி குலுங்கக் குலுங்கக் கல் மோதிப் பாத்திரம் சொட்டையாகும், கல்லும் விரியும். குழவிக் கற்களைத் தனியே எடுத்து, கழுவி நன்றாகக் காய வைத்து, பழைய சேலையில் சுற்றி வண்டியின் தரையில் வைக்க வேண்டும். மேலே வைத்தால் எதன் மேலாவது விழுந்து உடைத்துவிடும்.

நான் ஜாக்கெட் தைப்பவள். கால் மிஷினை அப்படியே தூக்கினால் தலை கவிழ்ந்து அடிபடும். பெல்ட்டைக் கழற்றி, ஊசியையும் பாபினையும் எடுத்துவிட்டு, கீல் அருகே உள்ள திருகாணியைத் தளர்த்தினால் தலை தனியாக வந்துவிடும். துணியை அழுத்தும் காலுக்கு அடியில் ஒரு மடித்த துணியை வைத்து இறக்கிவிட்டு, மெத்தையில் சுற்றினேன்.

டி.வி.யைப் படுக்க வைக்கவே கூடாது. போர்வை சுற்றி, திரைப் பக்கம் மெத்தை இருக்கும்படி நிற்க வைத்தோம். அதை எதுவும் நெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது ஆசிட். முதல் தடவை போனபோது அது சாய்ந்து என் கல்யாணச் சேலையில் ஓட்டை விழுந்தது. சேலையோடு போயிற்றே, குழந்தை மேல் பட்டிருந்தால்? இந்தத் தடவை எலக்ட்ரீஷியனை அழைத்து ஒயரைக் கழற்றி, முனைகளுக்கு டேப் சுற்றி, மூடிகளை இறுக்கி, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நிமிர்த்தி வைத்து, துணிமணிப் பக்கமே போகாமல் ஏற்றினோம். ஆசிட் எங்காவது சிந்தினால் சமையல் சோடாவைத் தூவினால் அதன் வேகம் அடங்கும். கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள்.

குடிதண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி வைத்திருப்பவர்கள் குழாயை மூடி, தொட்டியில் உள்ளதை வடித்துவிட்டுக் கட்டுங்கள். புது வீட்டில் மாட்டிய பிறகு முதலில் வரும் தண்ணீரைக் குடிக்காமல் செடிக்கு ஊற்றுங்கள்.

ஒவ்வொரு சாமானின் ஒயர், திருகாணி, குக்கர் வெயிட், காஸ்கெட் எல்லாவற்றையும் தனித்தனி மஞ்சப்பையில் போட்டு, பெயர் எழுதி, அந்தந்தச் சாமானோடே கட்டிவிட்டேன். போன தடவை குக்கர் வெயிட்டைத் தேடியே ஒரு வாரம் போனது. கண்ணாடி டம்ளர், பீங்கான் கிண்ணங்களுக்கு எங்கள் நாமக்கல் பக்கத்து வழி ஒன்று இருக்கிறது. முப்பது முட்டை பிடிக்கும் காகித அட்டையைக் கோழிப்பண்ணைக்காரர்களிடமோ முட்டைக் கடையிலோ கேட்டால் கொடுப்பார்கள். அடுக்குக்கு இடையில் அதை வைத்துக் கட்டினேன். முட்டையே உடையாமல் போகிற அட்டையில் டம்ளர் உடையுமா? அத்தையின் ஊறுகாய் ஜாடிகளுக்கு மட்டும் வைக்கோல் பிரி சுற்றினேன்.

கடைசியாக இன்சுலின். நோட்டில் முதல் பக்கத்தில் எழுதியது இதைத்தான். திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரி குளிரில், அதாவது பிரிட்ஜின் சாதாரணத் தட்டில் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குள்ளோ, ஐஸ் கட்டி மேலே படும்படியோ வைக்கவே கூடாது. திறந்து போட்டுக்கொண்டிருக்கும் பாட்டில் அதிக வெயில் படாத இடத்தில் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை பெரும்பாலும் தாங்கும். மருந்துக்கு மருந்து கணக்கு மாறும், ஆகவே அட்டையைப் படித்து, உங்கள் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரப் பயணத்துக்கு இப்படியெல்லாம் பதற வேண்டியதே இல்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தடவை ஒரு மாதம் முன்பிருந்தே மருந்தை அளவாக வாங்கி, கையிருப்பு ஒரு பாட்டிலாகக் குறைத்துக்கொண்டேன். பிரிட்ஜ் நின்றிருந்த இரண்டு நாளுக்கு ஒரு வழி செய்தேன். பெரிய மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்ன மண்கலயம் வைத்து, மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு உள்ளே இறக்கி, ஈரத் துணியால் மூடினேன். நிழலில் வைத்து மணல் காயாமல் தண்ணீர் தெளித்தால் வெளியைவிட உள்ளே குளுகுளுவென்று இருக்கும். நம் பாட்டிமார் தண்ணீர்ப் பானைக்குச் செய்ததுதான். பயணத்தில் அந்த டப்பா லாரியில் போகவில்லை. ஈரத் துணி சுற்றி, காரில் அத்தையின் மடியிலேயே வந்தது.

ஊர் வந்து சேர்ந்து செங்கல் அடுப்பில் பால் பொங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். “என்னங்க, பிரிட்ஜை இன்னும் போடலையா? பாலெல்லாம் திரிஞ்சு போயிருமே” என்று ஒரு அக்கா சுவிட்சைப் போடக் கையை நீட்டிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: “அதைத் தொடாத, சாமி! அவ்வளவு தூரம் நின்னுக்கிட்டே வந்திருக்குது. பொழுது சாயற வரைக்கும் இளைப்பாறட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. பொழுது சாய்ந்த பிறகு அத்தையையே சுவிட்சைப் போடச் சொன்னேன். சத்தமில்லாமல் ஓடியது. இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தைக்கும் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

சகோதரிகளே, வீடு மாறும் அன்றைக்கு நமக்கு ஆயிரம் வேலை. அந்த அவசரத்தில் நல்லது என்று நினைத்தே தப்புச் செய்துவிடுவோம். ஏற்றும் முன் ஒரு நிமிடம் நின்று, இதை எப்படி வைக்க வேண்டும் என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். வீட்டில் மருந்து சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால், சாமான் கட்டும் முன் அவர்களுடைய மருந்துப் பையை முதலில் கட்டி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

– ஒரு வாசகி, புதுச்சத்திரம், நாமக்கல் மாவட்டம்.